மஞ்சள் சட்டைக்காரனுக்கு ஒரு போத்தல் தைலம்

அல்பெர்கேரியா,
பலெர்மோ.
செப்டம்பர், ஞாயிறு பின்னேரம்.

என் அன்பு மகள் ஜெசிக்காவுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் அம்மாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் தொரினோவில் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் சுகமாயிருக்க வேண்டுமென்று இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவைக் கேட்டபடியே இதை எழுதத் தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் கதைக்கலாம்தான், ஆனால் உன் முகத்தைக் கண்டவுடன் சொல்ல நினைத்தது எனக்கு மறந்துபோகிறது, மிச்ச நேரத்தை அம்மா பறித்துக்கொள்கிறார். நீ அம்மாவிடம் சொன்ன விஷயம் எனக்குத் தெரியும். தில்லையம்பலத்தின் மகன், அங்கே தொரினோவிலேயே வேலை செய்கிற பிரதீசை விரும்புவதாகவும் அதை அப்பாவிடம் நேரம் பார்த்துச் சொல்லும்படியும் கேட்டாயாம். அம்மா நேரம் பார்த்த அழகைக் கேட்டால் நீ தலையில் கைவைப்பாய். என் பதிலைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் பாயாதே, வரிசையாக வாசி. இத்தனை மாதம் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாய் அல்லவா, கொஞ்சம் பொறு. முதலில் உதைபந்தாட்டம்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் இராயப்பர் கல்லூரிக்கும் வாணி கல்லூரிக்கும் ஆட்டம், வழக்கம்போல ஒரேத்தோ மைதானத்தில். மன்னாரில் நாங்கள் படித்த கல்லூரியையும் யாழ்ப்பாணத்தில் அவர்கள் படித்த கல்லூரியையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து வருடாவருடம் மோதவிட்டு, அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிற சனம் நாங்கள். பிறர் வீட்டுத் தரையைத் துடைக்கிறவனும், என்னைப்போல மொண்டெல்லோ உணவகத்தில் சட்டி கழுவுகிறவனும் அந்த ஒரு நாள் திரும்பவும் கல்லூரிப் பெடியன் ஆகிவிடுகிறோம். நிலைமையைச் சொல்கிறேன், கேள். கிண்ணம் இன்னும் வாணிக்காரரிடம்தான் இருக்கிறது. தில்லையம்பலம் அதைத் தன் வீட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் பூ வைப்பதாகக் கேள்வி. போன வருடம் எங்களுக்கு விழுந்த மூன்று கோலும் பிரதீஸ் போட்டவை. மூன்றாவது கோல் விழுந்தபோது நீ எனக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாய். பிள்ளை தோல்வி தாங்காமல் அழுகிறாள் என்று நான் ஓடிப்போய் உனக்கு ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன். நீ எதற்காக முகத்தை மூடினாய் என்று எனக்கு இப்போதல்லவா விளங்குகிறது. அந்த ஜெலாத்தோவை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டாய் என்பதும் நினைவிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் பக்கம் அவ்வளவு மோசமில்லை. கோல் காக்கிற ஜெனோஜன் திடீரென்று வளர்ந்துவிட்டான், இப்போது கையைத் தூக்கினால் மேல் கம்பம் எட்டுகிறது. பின்வரிசையில் ஸ்ரீபன் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறான், அவனுடைய தாயும் அதை நம்புகிறார். நடுவில்தான் ஓட்டை. நடுவில் ஓடுவதற்கு நல்ல மூச்சு வேண்டும், எங்களிடம் மூச்சு இருப்பவர்களுக்குப் பந்து தெரியாது, பந்து தெரிந்தவர்களுக்கு வயிறு வந்துவிட்டது. வாணிக்காரர் அப்படியில்லை. கோடை முழுக்கப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள், கடற்கரையில் வேலை முடிந்த கையோடு மணலிலேயே ஓடுகிறார்களாம். நடுவில் அவர்களுக்கு மூன்று நல்ல பெடியன்கள், முன்னுக்கு உன்னுடைய ஆள். நேர்மையாகச் சொன்னால் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் வாணி என்பார்கள். மற்ற இரண்டு பேர் நானும் கிறிகோரியும். எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர், பயிற்சியாளர், சட்டை துவைக்கக் கொடுக்கிறவர் எல்லாம் கிறிகோரிதானே, அவர் வேறென்ன சொல்வார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிறிகோரி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை எங்கள் ஆட்டக்காரராக நிறுத்தி, மிளகாய்ச் சோஸ் போத்தலைப் பிரதீசாக வைத்து, இப்படி வந்தால் இவன் மறிப்பான், அப்படி வந்தால் அவன் மறிப்பான் என்று நகர்த்திக்கொண்டிருந்தார். கோப்பையை எந்தப் பக்கம் வைத்தாலும் சோஸ் போத்தல் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. கடைசியில் கிறிகோரி களைத்துப்போய், உவனுக்குக் கால் சுளுக்கினாத்தான் எங்களுக்கு வழி என்றார். சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் கொண்டுவந்த அம்மா தட்டை வைத்துவிட்டு, “உந்தப் பிரதீசுக்காக ஏன் இப்பிடி அழுறியள், அவன் இந்த வீட்டுக்குத்தானே மருமகனா வரப்போறான்” என்று சொல்லி, மேசையிலிருந்த சோஸ் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். இதுதான் உன் அம்மா நேரம் பார்த்த விதம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போத்தல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டால், எல்லாருக்கும் முன்னாலை சொன்னாத்தான் நீங்கள் கத்த மாட்டியள் என்கிறார். உண்மைதான், நான் கத்தவில்லை.

முதலில் வாய் திறந்தது கிறிகோரி. அவர் எனக்கு வாழ்த்துச் சொல்லவில்லை, அனுதாபமும் சொல்லவில்லை. “அப்ப மருமகன் விதி இருக்கெல்லோ” என்றார். உனக்கு அந்த விதி தெரிந்திருக்காது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்க் கல்லூரியின் வாசல்கூடத் தெரியாதே, பிறகு யார் விளையாடுவது என்று வந்தபோது, பழைய மாணவரின் பிள்ளைகளும் விளையாடலாம், மருமக்களும் விளையாடலாம் என்று இரண்டு சங்கமும் சேர்ந்து முடிவெடுத்தோம். மருமகனாகப் போகிறவன் நிச்சயம் செய்த நாளிலிருந்து தகப்பனின் கல்லூரிக்கு விளையாடலாம் அல்லது மாமனாரின் கல்லூரிக்கு விளையாடலாம், ஆனால் ஒருமுறை மாறினால் திரும்பிப் போக முடியாது. அன்றைக்கு அந்த மருமகன் விதி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றது கிறிகோரிதான், அவருக்கு நல்ல கோல்காப்பாளன் ஒருவன் மருமகனாக வந்திருந்தான். கிண்ணம் வரமுதல் அவன் பெண்சாதியோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான். அந்தக் கவலையை இப்போது பிரதீசை வைத்துத் தீர்க்கப் பார்த்தார். ஆட்டத்துக்கு முதல் கிழமை நிச்சயதார்த்தம், ஞாயிறு அவன் நீலச் சட்டையோடு எங்கள் பக்கம், கிண்ணம் எங்களுக்கு, இவ்வளவையும் றோல்ஸ் ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று நாளில் இராயப்பர்காரர் அத்தனை பேரும் கலியாணத் தரகர் ஆகிவிட்டார்கள். பல்லாரோ சந்தையில் மீன் வாங்கப் போனால், மாப்பிள்ளை எப்படி, கால் எப்படி என்று கேட்கிறார்கள். சைவக்காரரோடு செய்கிற கலப்புக் கலியாணத்துக்கு எப்போதும் முகத்தைச் சுளிக்கிறவர் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், என்னைக் கோயில் வாசலில் நிறுத்தி, காலம் மாறிப்போச்சு றோபேட், பிள்ளையளின்ரை சந்தோஷம்தான் முக்கியம் என்று உபதேசம் செய்தார். அவருடைய முகத்தில் கோல் கம்பம் தெரிந்தது. எங்கள் வெற்றி வாய்ப்பு ஒரே கிழமையில் தலைகீழாக மாறிவிட்டது, இப்போது பத்தில் எட்டுப் பேர் இராயப்பர் என்றார்கள். கிறிகோரி எனக்குச் சொல்லாமலே முதுகில் பிரதீஸ் என்று பெயர் போட்டு ஒரு நீலச் சட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் கோலைக் கணக்குப் பார்க்கிறார்கள், என் பிள்ளையின் வாழ்க்கையை யாரும் நினைக்கவில்லை. சட்டையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறைக்காமல் சொல்கிறேன், பிள்ளை, எனக்குப் பயமாக இருந்தது. பையனைப் பற்றியல்ல. அவனை நான் மைதானத்தில் பார்த்திருக்கிறேன், மூன்றாவது கோலைப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து கூத்தாடாமல், விழுந்து கிடந்த ஜெனோஜனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் போனான். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்தது, வாணிக்காரன் என்பதால் வெளியே சொல்லவில்லை. என் பயம் வேறு. நீ எந்தக் கோயிலில் முழந்தாளிடுவாய், உன் பிள்ளைகளுக்கு யார் பெயர் வைப்பார்கள், யேசு பிறக்கிற நத்தாருக்கு வருவாயா, இல்லை அவர்களுடைய பொங்கலோடு சரியா என்று மனம் எங்கெல்லாமோ போனது. ஒரே பிள்ளை, அதுவும் கையைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். கடைசியில் பங்குச் சுவாமியிடம் போனேன். அவர் என்னை இருத்தி, ஆயரின் அனுமதி எடுத்துக் கோயிலில் செய்யலாம், பெண் தன் விசுவாசத்தை விடத் தேவையில்லை, பையன் மாறவும் தேவையில்லை என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவோ, சாந்தா ரொசாலியாவின்ரை மலைக்குகையிலை இவ்வளவு காலமும் எனக்கு முன்னாலை வரிசையிலை நிக்கிறது ஞானம்பிகைதான், அவவுக்கு அந்த அம்மாவிலை உள்ள பக்தி உங்களுக்கு இல்லை என்றார். பிரதீசின் தாயைப் பற்றித்தான் அம்மா இப்படிச் சொன்னார்.

புனிதையின் திருநாளன்று விடிய வெள்ளாப்பில் அவருடைய குகைக்கு மலை ஏறினேன். ஒவ்வொரு வருடமும் ஆட்டத்துக்காகத்தான் ஏறுகிறேன், இந்த முறை உனக்காக என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டாவது வளைவில் பார்த்தால் தில்லையம்பலம், வெறுங்காலோடு, வாணியின் மஞ்சள் சட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். வருடாவருடம் நாங்கள் அந்த மலையில் ஒருவரையொருவர் கண்டு தலையை ஆட்டிவிட்டுத் தனித்தனியே போவோம், இரண்டு பேரும் ஒரே அம்மாவிடம்தான் வெற்றி கேட்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்த முறை அவர் வழியோரக் கல்லில் இருந்து எனக்கும் இடம் விட்டார். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன், குடித்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “றோபேட், ஒண்டு சொல்லுறன், கோவிக்கப்படாது. உங்கட பிள்ளையை எங்கட பிள்ளையா வைச்சிருப்பம், அதிலை உங்களுக்கு ஒரு யோசனையும் வேண்டாம். மகனையும் உங்களுக்குத் தாறன். ஆனா அவனை நீலச் சட்டை போடச் சொல்லாதையுங்கோ. அதைப் பாக்கிற சக்தி எனக்கில்லை” என்றார். சட்டை அடித்த செய்தி அவருக்கும் போயிருந்தது. அந்த மனிசனின் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் பிள்ளை, எனக்கு விளங்கியது. நான் உன்னை அவர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்துகொண்டிருக்கிறேன், அவர் தன் மகனை நாங்கள் கொண்டுபோய்விடுவோம் என்று பயந்துகொண்டிருக்கிறார். நான் அவருடைய கையைப் பிடித்து, “அண்ணை, நான் பிள்ளையைத் தாறது கோலுக்கில்லை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டவள், அதுக்குத்தான்” என்றேன்.

ஆகவே இதுதான் என் பதில். சம்மதம். முழு மனதோடு சம்மதம். கிறிகோரிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன், நிச்சயதார்த்தம் ஆட்டத்துக்கு முன்னம் இல்லை, ஆட்டம் முடிந்து அடுத்த ஞாயிறுதான். பிரதீஸ் தன் தகப்பனின் சட்டையோடுதான் விளையாடுவான், நாங்கள் அவனை வைத்துக்கொண்டே வாணியை வெல்வோம். றோபேட் கோலுக்காக மகளைக் கொடுத்தான் என்று ஒருவன் வாயிலும் வரக்கூடாது. கிறிகோரி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் வந்து சோஸ் போத்தலை மறிக்க ஒரு புதுவழி கண்டுபிடித்ததாகச் சொன்னார். எங்கள் வாய்ப்பு திரும்பவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, பத்தில் எட்டுப் பேர் வாணி. அந்த நீலச் சட்டை அலுமாரியில்தான் இருக்கிறது. அடுத்த வருடத்தை அவனே தீர்மானிக்கட்டும், நான் கேட்கமாட்டேன், கிறிகோரியைக் கேட்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. பிரதீசின் வலது கணுக்கால் வீங்கி, நீ ஐஸ் வைத்துக் கட்டிவிடுவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. அம்மா என்னிடம் சொல்லிவிட்டார். ஒரு இராயப்பர்காரன் காதில் விழக்கூடாத செய்தி அது. கிறிகோரி அன்றைக்கு என்ன ஆசைப்பட்டாரோ அதுவே நடந்திருக்கிறது, இதைச் சொன்னால் ஸ்ரீபனை அந்தப் பக்கமே நிறுத்தி ஆட்டத்தைத் திருப்பிவிடுவார். ஒரு கிழமையாக நாக்கு துடிக்கிறது. பூசைக்குப் பிறகு கிறிகோரியைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறேன். ஆனால் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வீட்டுப் பிள்ளையின் நோவை வெளியில் சொல்லி வெல்லுகிற வெற்றி எனக்கு வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்த சிவமலர் தன் மகளைப் பார்க்கத் தொரினோ வருகிறார், இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா இடித்த மிளகாய்த்தூளும் பால் ரொபி இனிப்பும் உனக்கு. ஊரிலிருந்து வந்த தைலப் போத்தல் அவனுக்கு. இரவில் சூடுபறக்கத் தேய்த்துத் துணியால் கட்டச் சொல். நீ நேர்ஸ், உனக்கு இதில் நம்பிக்கை இருக்காது, இருந்தாலும் தேய்த்துவிடு. நான் அனுப்பியதென்று அவனுக்கு மட்டும் சொல், தில்லையம்பலத்துக்குச் சொல்லாதே, அந்த மனிசன் மைதானத்தில் எல்லோருக்கும் சொல்லி என் மானத்தை வாங்கிவிடுவார்.

அம்மா வேலைக்குப் போகிற வீட்டு முதலாளியம்மா, அந்தச் சின்யோரா, உன் கலியாணச் செய்தி கேட்டுத் தானும் சேலை கட்டி வரவேண்டுமென்கிறார். எண்பது வயதில் அவருக்கு எப்படிச் சேலை உடுத்துவது என்று அம்மா இப்போதே யோசிக்கிறார். கலியாணம் காலையில் எங்கள் கோயிலில், பின்னேரம் அவர்களுடைய முறைப்படி மண்டபத்தில் என்று தாய்மார் இருவரும் எங்களைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள். நல்லது, இரண்டு வேளையும் சாப்பாடு. நீ இராவேலைக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி போட்டுக்கொள், வடக்குக் குளிர் நெஞ்சுக்கு ஆகாது. ஞாயிறு பூசையை விடாதே. அவனோடு சண்டை பிடித்தால் கோபத்தை அடுத்த நாளுக்குக் கொண்டுபோகாதே, உன்னுடைய கோபம் என்னுடையது, அது எனக்குத் தெரியும்.

ஆண்டவரும் மடுமாதாவும் சாந்தா ரொசாலியாவும் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும். என் கை உன் தலையில் இருப்பதாக நினைத்துக்கொள்.

மறக்காமல் ஒன்று. ஆட்டத்தன்று வாணிக்காரர் பக்கம் உனக்கு இடம் பிடித்து வைப்பதாக ஞானம்பிகை அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். கலியாணத்துக்குப் பிறகு நீ எந்தப் பக்கமும் போய் இரு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் எனக்குப் பக்கத்தில் இரு, பிள்ளை. அவன் கோல் போட்டால் போன வருடம்போல முகத்தை மூடாதே. எழும்பி நின்று கைதட்டு. நான் அந்த நேரம் குனிந்து என் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
றோபேட்